கணக்கு தெரியும், காரணம் தெரியுமா?

2019 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26 ஆம் நாள், வியாழக்கிழமை. காலை ஒன்பதரை மணியளவில் செட்டிநாட்டு வானத்தில் ஒரு பெருங்காட்சி நடைபெற்றது. கதிரவனின் நடுப்பகுதியை நிலவு மறைத்துக்கொள்ள, ஓரம் மட்டும் நெருப்பு வளையமாக நின்றது. கங்கண சூரிய கிரகணம் என்பது அதன் பெயர். அரேபிய மண்ணில் தொடங்கிய அந்த நிழல், வட கேரளத்தைத் தொட்டு, நீலகிரி, கோவை, கரூர், புதுக்கோட்டை என்று தமிழகத்தைக் குறுக்கே கடந்து, இலங்கையின் வட பகுதிக்கும் அப்பால் சிங்கப்பூரையும் தாண்டிச் சென்றது. அந்தப் பாதையில், அதுவும் ஏறத்தாழ நடுக்கோட்டை ஒட்டி, இருந்தது நமது பள்ளத்தூர்!

வானம் தன் வீட்டு வாசலுக்கே வந்து நடத்திய அந்தக் காட்சியைப் பார்த்தவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கதவுகள் சாத்தப்பட்டன. அடுப்பு எரியவில்லை. கட்டட வேலைக்குப் போகும் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, காலை முதல் கிரகணம் விடும் வரை ஒரு வாய்த் தண்ணீரும் தொடாமல் இருட்டறையில் முடங்கிக் கிடந்ததை நாம் அறிவோம். "தண்ணி குடிச்சா பிள்ளைக்கு ஆகாதாம்" என்றாள் அவள். தமிழகத்தின் பல ஊர்களில் முற்றத்தில் உலக்கையை நிமிர்த்தி வைத்து, "பாருங்கள், கிரகணத்தின் சக்தியால் உலக்கை நிற்கிறது" என்று வியந்து நின்றார்கள். உலக்கையின் அடி தட்டையாக இருந்தால் அது தீபாவளியன்றும் நிற்கும், தேர்தலன்றும் நிற்கும் என்பதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை!

இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியா? அல்ல. அதே நாள், அதே கிரகணத்தின்போது, கர்நாடக மாநிலம் கலபுரகியை அடுத்த ஓர் ஊரில், உடற்குறையுள்ள குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தார்கள். அப்படிச் செய்தால் குறை நீங்குமாம்! பெற்றவர்கள் கொடியவர்கள் அல்லர், ஏழைகள். பிள்ளை நடக்க வேண்டும் என்ற ஏக்கம் அவர்களை அந்தக் குழி வரை இழுத்துச் சென்றது. அறியாமைக்கு விலை உண்டு, தோழர்களே! அந்த விலையை எப்போதும் எளியவன் வீட்டுப் பிள்ளைதான் கொடுக்கிறது.

இத்தனைக்கும் பள்ளத்தூர் காட்டுக்குள் கிடக்கும் ஊரன்று. இங்கேயே மகளிர் கல்லூரி இருக்கிறது. சிறிது தூரத்தில் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948 இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 இல் திறக்கப்பட்ட நிலையம் அது. விஞ்ஞானக் கூடம் பக்கத்தில் இருந்தால் மட்டும் விஞ்ஞானம் வீட்டுக்குள் வந்துவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

புதிதாக வந்த வாத்தியார்

இப்போது நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்திருக்கிறார். 2022 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் சாட்ஜிபிடி என்ற கருவி வெளியிடப்பட்டது. அதன் பின்னால் அதுபோன்ற பல கருவிகள் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கைப்பேசியில் தமிழில் எழுதிக் கேட்கலாம். எழுத வராதவர் பேசியே கேட்கலாம். "கிரகணம் ஏன் வருகிறது?" என்றால் மூச்சு விடுவதற்குள் முழுப் பாடமும் வந்து விழுகிறது.

இதைப் பற்றி நம் படிப்பகத்தில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிட்டன. "அது எல்லாம் அறிந்தது, இனி வாத்தியாரும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம்" என்பது ஒரு கட்சி. "அது முதலாளி செய்த பூச்சாண்டி, தொடவே கூடாது" என்பது மற்றொரு கட்சி. முதற் கட்சி கும்பிடுகிறது. இரண்டாம் கட்சி பயப்படுகிறது. கிரகணத்தன்று நாம் கண்டதும் இவ்விரண்டும்தானே! கும்பிடுவதும் பயப்படுவதும் அறிவாகாது. அந்தக் கருவி என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று பிரித்துப் பார்ப்பதே அறிவு. அதைப் பிரித்துப் பார்க்க நமக்கு உதவ, இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்நிலத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

புதுச்சேரிச் சோழிகள்

ஜான் வாரன் என்பவர் சென்னை வானாய்வு நிலையத்தில் ஒருகாலத்தில் பொறுப்பு வகித்தவர். தென்னாட்டார் நாளும் கோளும் கணிக்கும் முறைகளைத் திரட்டி 'கால சங்கலிதம்' என்ற நூலை 1825 இல் வெளியிட்டார். அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் கையில் தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். எண்களைச் சொற்களாக மாற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அந்த வாக்கியங்களை வாய் முணுமுணுக்க, கை சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் நகர்த்தியது. முடிவில், 1825 மே 31, ஜூன் 1 இரவில் நிகழும் சந்திர கிரகணத்தின் நேரத்தைச் சொல்லிவிட்டார்!

விடை எப்படி இருந்தது? பிற்காலத்தில் விஞ்ஞான வரலாற்று அறிஞர் நொய்கெபவர் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நான்கே நிமிடம். நடு நேரத்தில் 23 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம். சோழியை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது சிறு செயலா? தலை வணங்கத்தக்க திறமை அது.

ஆனால் வாரன் இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கணிதருக்கு, தாம் செய்யும் கணக்கின் பின்னால் இருக்கும் வானநூல் கொள்கையில் ஒரு சொல்லும் தெரியாது! நிலவு ஏன் கறுக்கிறது, எதன் நிழல் எதன்மேல் விழுகிறது என்று கேட்டால் விடை இல்லை. அபாரமான நினைவாற்றல் இருந்தது. வழி பிசகாமல் கணக்குப் போடத் தெரிந்தது. கணக்கு தெரியும்; காரணம் தெரியாது.

காரணம் தெரியாததால் நேர்ந்த இழப்பு என்ன? தொடக்கத்தில் நான்கு நிமிடமாக இருந்த பிழை முடிவில் 52 நிமிடமானது ஏன் என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாததைத் திருத்தவும் முடியாது. பாட்டன் தந்த சோழியைப் பேரனுக்குத் தருவார். பிழையையும் சேர்த்தே தருவார்!

இதற்கு மாறாக நின்ற ஒருவரையும் நாம் நினைக்க வேண்டும். அதே சென்னை வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்க மரபில் வந்தவர். ஆனால் ஏட்டோடு நின்றுவிடாமல் தொலைநோக்கியில் கண் வைத்தார். ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன் ஒன்றை 1867 இல் கண்டறிந்தார். 1872 இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பதும் வானத்தில் தெரிவதும் ஒத்துப்போகாவிட்டால், திருத்த வேண்டியது பஞ்சாங்கத்தையே என்று வாதாடினார். 1874 இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து சென்றபோது, அது என்ன, ஏன் என்று நாட்டு மொழிகளில் மக்களுக்கு விளக்க முற்பட்டார். கணக்கோடு காரணத்தையும் தேடிய மனிதர் அவர்.

இயந்திரம் எந்தப் பக்கம்?

இப்போது கேட்போம்: நம் சட்டைப் பையில் இருக்கும் புதிய வாத்தியார், புதுச்சேரிக் கணிதர் பக்கமா, ரகுநாதாச்சாரி பக்கமா?

அந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சுருங்கச் சொல்வோம். மனிதர்கள் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான பக்கங்களை அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்ற கணக்கு அதனுள் பதிந்திருக்கிறது. நாம் கேள்வி கேட்டவுடன், பொருத்தமான சொல்லை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து அடுக்குகிறது. புதுச்சேரிக் கணிதர் எண்ணைச் சொல்லாக்கி மனப்பாடம் செய்தார். இந்த இயந்திரம் சொல்லை எண்ணாக்கிக் கணக்குப் போடுகிறது. பெரும்பாலும் சரியாகவே வருகிறது. ஆனால் அது வானத்தை அண்ணாந்து பார்த்ததில்லை. வெயிலில் நின்றதில்லை. தவறு செய்யும்போதும் அதே மிடுக்கோடு, அதே தெளிவோடுதான் பேசும். தடுமாற்றமே தெரியாது. அங்கேதான் ஆபத்து!

ஏழைகளிடம் மட்டும்தான் அது பிழை செய்யும் என்று எண்ண வேண்டாம். 2023 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் 'பார்ட்' என்ற தன் இயந்திரத்தை உலகுக்கு அறிமுகம் செய்தது. விளம்பரத்திலேயே ஒரு வானியல் கேள்வி. நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோளை முதன்முதலில் படமெடுத்தது ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி என்று அது விடை சொன்னது. தவறு! அத்தகைய படம் 2004 லேயே, சிலி நாட்டில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியால் எடுக்கப்பட்டுவிட்டது. வானநூல் அறிந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரே நாளில் அந்நிறுவனத்தின் பங்கு மதிப்பில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி டாலர் கரைந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி, அவ்வளவு படித்தவர்கள். ஒருவராவது விடையைச் சரிபார்க்கவில்லை!

இந்த இயந்திரத்தைத் தனியாக ஒரு முதலாளியின் மூளை பெற்றெடுத்ததும் அல்ல. அதற்கு ஊட்டிய எழுத்து உலக மக்கள் எழுதியது. அது தகாததைப் பேசாமலிருக்கப் பழக்கும் வேலையில், கென்யா நாட்டுத் தொழிலாளர்கள் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைந்த கூலிக்குக் கண் நோக உழைத்தார்கள் என்பது 2023 இல் வெளிவந்த செய்தி. எனவே, அதைப் பயன்படுத்திக்கொள்ள உழைப்பவனுக்கு முழு உரிமை உண்டு. கூச்சமும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவது உரிமையாகாது.

கொத்தனார் மகள் செய்த சோதனை

எப்படிப் பயன்படுத்துவது என்பதை நமக்குக் கற்றுக் கொடுத்தவள் பள்ளத்தூரில் ஒரு கொத்தனாரின் மகள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. நண்பகலில் நிழலே விழாத நாள் ஒன்று உண்டு என்று பள்ளியில் கேட்டிருக்கிறாள். "நம் ஊரில் அது எந்த நாள்?" என்று அப்பாவின் கைப்பேசியில் இருந்த இயந்திரத்தைக் கேட்டாள். "மார்ச் 21" என்று சட்டென்று விடை வந்தது. பகலும் இரவும் சமமாகும் நாள் அது, கதிரவன் நேர் உச்சியில் நிற்கும் என்று விளக்கமும் வந்தது.

நாமாக இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு போயிருப்போம். அவள் போகவில்லை. மார்ச் 21 அன்று ஒரு மீட்டர் கம்பு ஒன்றை வாசலில் நட்டாள். அப்பா வந்து பார்த்தார்.

"இரு ஆத்தா, கம்பு சாஞ்சு நிக்குது. சாஞ்ச கம்பு பொய் சொல்லும்" என்று சொல்லி, தூக்குக்குண்டைப் பிடித்துக் கம்பை நேர் நிறுத்தினார். தரை மட்டமா என்று ரசமட்டம் வைத்தும் பார்த்தார்.

நேரம் பன்னிரண்டே கால் தாண்டியது. நம் ஊரில் உச்சிப்பொழுது சரியாகப் பன்னிரண்டுக்கு வருவதில்லை. கடிகார நேரம் நமக்குக் கிழக்கே உள்ள தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுவதால் கால் மணி, இருபது நிமிடம் பிந்தியே வரும். நிழல் குறைந்தது, குறைந்தது, ஆனால் மறையவில்லை. வடக்கு நோக்கிப் பதினெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு நின்றது!

"அப்பா, மிஷின் சொன்னது தப்பு" என்றாள் பிள்ளை.

"எதனால தப்புன்னு அதையே கேளு" என்றார் கொத்தனார்.

எவ்வளவு பெரிய சொல், தோழர்களே! ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் சொன்ன சொல். அவள் கேட்டாள். தன் அளவையும் சொன்னாள். இயந்திரம் தவற்றை ஒப்புக்கொண்டு விளக்கியது: மார்ச் 21 நில நடுக்கோட்டில் வாழ்வோருக்கு உரிய நாள். பள்ளத்தூர் அங்கிருந்து ஏறத்தாழ பத்து பாகை வடக்கே இருக்கிறது. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால், சுமார் 1,100 கிலோமீட்டர். மார்ச்சில் நடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் கதிரவன், நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, நம் தலைக்கு நேர் மேலே வர ஏப்ரல் பாதி ஆகிவிடும். பிறகு ஜூன் மாதம் வரை இன்னும் வடக்கே போய், திரும்பித் தெற்கே வரும்போது ஆகஸ்ட் இறுதியில் மறுபடி நம் உச்சியைத் தொடும். ஆக, நிழலில்லா நாள் நமக்கு ஆண்டில் இரண்டு: ஏப்ரல் 16, 17 அளவில் ஒன்று, ஆகஸ்ட் 26, 27 அளவில் ஒன்று.

இந்தத் தடவையும் அவள் சும்மா நம்பவில்லை. சித்திரை பிறந்த மூன்றாம் நாள், கம்பு மறுபடியும் வாசலுக்கு வந்தது, தூக்குக்குண்டும் வந்தது. இப்போது தெருவே கூடிவிட்டது. பன்னிரண்டே காலுக்குக் கம்பின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிப்போயிற்று! கூடியிருந்த பெண்கள் கைதட்டினார்கள். கிரகணத்தன்று இருட்டறையில் கிடந்த அந்தத் தாயும் இருந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையைக் கீழே நிற்க வைத்து அதன் நிழலைத் தேடினாள்.

மார்ச்சில் விழுந்த அந்தப் பதினெட்டு சென்டிமீட்டர் நிழலையும் வீணென்று நினைக்காதீர்கள். ஒரு மீட்டர் கம்புக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் நிழல் என்றால், வெயில் பத்து பாகை சாய்ந்து விழுகிறது என்று பொருள். சமநாளில் அந்தச் சாய்வுதான் நம் ஊரின் அட்சரேகை! ஒரு கம்பும் ஒரு நூலும் கொண்டு, பூமிப் பந்தில் பள்ளத்தூர் எங்கே இருக்கிறது என்பதை ஒரு தொழிலாளியும் மகளும் அளந்துவிட்டார்கள். 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் இருந்த எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணித்ததும் இதே நிழலை வைத்துத்தான்.

கேட்கும் முறை

அந்தப் பிள்ளையிடமிருந்து நாம் பெற்ற பாடங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று: விடையோடு நிற்காமல் காரணம் கேளுங்கள். "கிரகணம் எப்போது?" என்பது பஞ்சாங்கக் கேள்வி. "அமாவாசைதோறும் சூரிய கிரகணம் ஏன் வருவதில்லை?" என்பது விஞ்ஞானக் கேள்வி. நிலவு சுற்றும் தளம் பூமி சுற்றும் தளத்திலிருந்து ஐந்து பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான அமாவாசைகளில் நிலவின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது. சரி, முழுதாக மறைக்காமல் வளையம் தெரிந்தது ஏன்? கதிரவன் நிலவைப்போல் சுமார் 400 மடங்கு பெரியது. சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. நிலவு தன் பாதையில் சற்றே தள்ளிப் போயிருக்கும் நாளில் அது சிறுத்துத் தெரியும். மூடி போதாமல் ஓரம் வளையமாக நிற்கும். இதில் பாம்பு எங்கே? பழி எங்கே? பிள்ளைத்தாய்ச்சி குடிக்கும் தண்ணீருக்கு இதில் என்ன வேலை?

இரண்டு: புரியாவிட்டால் திரும்பத் திரும்பக் கேளுங்கள். வாத்தியாரிடம் நான்காம் முறை கேட்க நா கூசும். இயந்திரத்துக்குக் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. "கொத்து வேலை செய்கிறவனுக்குப் புரியும்படி சொல்" என்றால் அப்படியே சொல்லப் பார்க்கும். பள்ளியை இடையில் விட்ட நம் தோழர்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

மூன்று: "இதை நானே எப்படிச் சோதிப்பது?" என்று அதனிடமே கேளுங்கள். வழி சொன்னால் செய்து பாருங்கள். சோதிக்க இயலாத நாள், பெயர், எண் ஆகியவற்றை நல்ல புத்தகத்திலோ அறிந்த ஆசிரியரிடமோ ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஊட்டிய அளவு தமிழில் ஊட்டப்படவில்லை.

நான்கு: அது நம் விருப்பத்துக்கு ஆடும் என்பதை மறவாதீர்கள். விஞ்ஞானம் கேட்டால் விஞ்ஞானம் சொல்லும். ராசிபலன் கேட்டால் சளைக்காமல் ராசிபலனும் எழுதித் தரும்! கேட்பவன் அறிவோடு கேட்டால்தான் விடையும் அறிவோடு இருக்கும்.

ஐந்து: கூடிப் படியுங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் மறுக்க, ஒருவர் அளக்க வேண்டும். படிப்பகங்கள் இருப்பது அதற்காகத்தான்.

தோழர்களே, தேதி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2031 மே 21, புதன்கிழமை. அன்று மறுபடியும் ஒரு கங்கண கிரகணம் கேரளக் கரையேறி, தேனி, மதுரை வழியாக நம் காரைக்குடி வட்டாரத்தைக் கடந்து போகிறது. உச்சிப்பொழுதுக்குச் சற்றுப் பிந்தி, மீண்டும் அந்த நெருப்பு வளையம் நம் தலைக்குமேல் நிற்கும்.

வெறுங்கண்ணால் அதைப் பார்க்கக் கூடாது, கண் கெடும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியும் உதவாது. கிரகணத்துக்கென்றே செய்த கண்ணாடி வேண்டும். அதுவும் இல்லாதவருக்கு ஓர் அட்டையும் ஓர் ஊசியும் போதும். அட்டையில் துளையிட்டுக் கதிரவனுக்கு முதுகு காட்டி நின்றால், துளை வழியே தரையில் விழும் ஒளியே வளையமாகத் தெரியும். வேப்பமரத்தடிக்குப் போனால், இலைகளின் இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு வளையத்தை மண்ணில் வரைந்து வைத்திருக்கும்.

2019 இல் காலியாகக் கிடந்த தெரு 2031 இல் நிரம்ப வேண்டும். அன்று பள்ளத்தூரில் எந்தத் தாயும் தாகத்தோடு இருட்டறையில் கிடக்கக் கூடாது. அதற்கான வேலையை அந்த ஆண்டு மே மாதம் தொடங்கினால் போதாது. இந்த ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுதில், படிப்பகத்து வாசலில் ஒரு கம்பு நடுகிறோம். வருகிறவர்கள் கேள்வியோடு வாருங்கள். கொத்தனார் தோழர்கள் தூக்குக்குண்டையும் எடுத்து வாருங்கள்!